எஸ்டிமேட், கொட்டேஷன்: எதில் கையெழுத்துப் போட்டால் எதற்குக் கட்டுப்படுகிறோம்?

கமிட்டி_செயலர் (சாட்ஸ்வர்த்)

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்தில் எங்கள் கோவில் கல்யாண மண்டபத்தின் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையை எடுத்துவிட்டு இரும்புத் தகடு போட இரண்டு காண்ட்ராக்டர்களிடம் விலை கேட்டிருந்தோம். ஒருவர் தந்த தாளின் தலைப்பு ‘எஸ்டிமேட்’, தொகை 260,000 ராண்ட். மற்றவருடையது ‘கொட்டேஷன்’, 305,000 ராண்ட். மண்டபம் 18 மீட்டர் நீளம். இரண்டு பக்கச் சரிவு, தாழ்வாரம் சேர்த்து ஒவ்வொன்றும் 6.2 மீட்டர். குறைந்த தொகையை எடுக்கலாம் என்று கமிட்டியில் பெரும்பாலோர் சொல்கிறார்கள். இரண்டும் விலைதானே, தலைப்பில் என்ன இருக்கிறது என்பது அவர்கள் கேள்வி. புரட்டாசிக்கு முன் வேலை முடிய வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அளவையர்_டர்பன்

செயலர் ஐயா, இரண்டும் விலைதான். எதிர்பாராத செலவு வந்தால் அதை யார் சுமப்பது என்பதில்தான் பிரிகின்றன. எஸ்டிமேட் கொடுப்பவர், பார்த்தவரை இவ்வளவு ஆகலாம் என்று தன் கணிப்பைச் சொல்கிறார். கூடினால் கூடியது கோவில் பணம். கொட்டேஷன் கொடுப்பவர், இன்ன வேலையை இன்ன தொகைக்குச் செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறார். அவர் கணக்குத் தப்பினால் நட்டம் அவருக்கு. அதனால் எதிர்பாராததற்கென்று ஒரு பங்கைத் தொகைக்குள்ளேயே வைத்துத்தான் அவர் விலை சொல்வார். உங்கள் 45,000 ராண்ட் வித்தியாசத்தில் ஒரு பகுதி அதுவாக இருக்கலாம்.

இன்னொரு பகுதி, வேலையே விடுபட்டதாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க இரண்டு தாளிலும் அளவு இருக்கிறதா என்று பாருங்கள். ஐ.பி.ஆர் தகடு (பெட்டி போன்ற மடிப்புகள் கொண்ட கூரைத் தகடு) ஒன்று மூடும் அகலம் 686 மி.மீ. 18 மீட்டரை அதால் வகுத்தால் 26.2 வரும், ஒரு சரிவுக்கு 27 தகடு, இரண்டுக்கும் 54. ஒவ்வொன்றும் 6.2 மீட்டர் என்றால் 334.8 ரன்னிங் மீட்டர். தகடு விற்பவர் ரன்னிங் மீட்டர் கணக்கில்தான் விற்கிறார். தாளில் 300 என்று இருந்தால் ஏதோ ஒரு பக்கம் குறைகிறது. அளவே இல்லாமல் ‘கூரை மாற்றுதல், ஒரே தொகை’ என்றிருந்தால் தலைப்பில் கொட்டேஷன் என்று போட்டிருந்தாலும் அதை வைத்து எதையும் சரிபார்க்க முடியாது.

தகட்டின் தடிமன், மேல்பூச்சு இரண்டும் எழுத்தில் வேண்டும். டர்பன் கடற்காற்றில் மெல்லிய துத்தநாகப் பூச்சுத் தகடு சீக்கிரம் துருப்பிடிக்கும். விலையைக் குறைக்க நினைப்பவர் முதலில் கை வைப்பது அங்கேதான்.

ஆஸ்பெஸ்டாஸை எடுப்பது தனி வேலை. 2020-இல் வந்த ஆஸ்பெஸ்டாஸ் விதிமுறைகளின்படி, இவ்வளவு பெரிய கூரையை எடுக்க வேலைவாய்ப்பு மற்றும் தொழிலாளர் துறையில் பதிவு பெற்ற ஆஸ்பெஸ்டாஸ் காண்ட்ராக்டர் வேண்டும். எடுத்த தகட்டை அனுமதி பெற்ற அபாயக் கழிவுக் கிடங்கில் சேர்த்ததற்குச் சான்றும் வாங்க வேண்டும். 260,000 ராண்ட் தாளில் இந்த வரி இருக்கிறதா?

சிவா_பீனிக்ஸ்

இதில் பேசவே ஒன்றுமில்லை அண்ணா. கொட்டேஷன் என்று தலைப்பிட்டால் ஒரு சென்ட் கூட ஏற்ற முடியாது. எஸ்டிமேட் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம். எப்போதும் கொட்டேஷனையே எடுங்கள்.

வழக்கறிஞர்_மாரிட்ஸ்பர்க்

சிவா தம்பி சொன்னதில் இரண்டு பாதியும் சரியில்லை.

முதல் பாதி. தலைப்பைப் பார்த்து எந்த நீதிமன்றமும் முடிவு சொல்லாது, உள்ளே இருக்கும் வாசகத்தைத்தான் பார்க்கும். ‘கொட்டேஷன்’ என்று மேலே போட்டுவிட்டு அடியில் சின்ன எழுத்தில் ‘முடிவான தொகை வேலை முடிந்தபின் அளந்து கணக்கிடப்படும்’ என்றோ ‘பொருள் விலை ஏறினால் தொகை மாறும்’ என்றோ எழுதியிருந்தால், அந்த அளவுக்கு அது எஸ்டிமேட்தான். ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட தாளில் ‘இந்தத் தொகை மாறாது, 30 நாள் செல்லும்’ என்று இருந்தால் அதைக் கொட்டேஷனாகவே படிக்கலாம். சட்டத்தின் கண்ணில் கொட்டேஷன் என்பது ஒரு முன்மொழிவு. நீங்கள் ஏற்றுக்கொண்டால் அந்தக் கணமே ஒப்பந்தம். கையெழுத்துத்தான் வேண்டும் என்பதில்லை. 2002-இன் மின்னணுத் தொடர்புச் சட்டப்படி வாட்ஸ்அப்பில் ‘சரி, ஆரம்பியுங்கள்’ என்று அனுப்புவதும் ஏற்பாகலாம். ‘சரி, ஆனால் 290,000க்கு’ என்று அனுப்பினால் அது ஏற்பு ஆகாது, உங்கள் எதிர்முன்மொழிவு. பழைய 305,000 அத்தோடு விழுந்துவிடும். அவர் மறுத்தபின் ‘சரி, பழைய விலைக்கே வாருங்கள்’ என்று வற்புறுத்த முடியாது. பேரம் பேசும்போது பலர் கவனிக்காத இடம் இது.

இரண்டாம் பாதி. எஸ்டிமேட் என்றால் வரம்பே இல்லை என்பது கடைத்தெருப் பேச்சு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் (2008, எண் 68) 15-ஆம் பிரிவு பழுதுபார்ப்பு, பராமரிப்பு வேலைகளைப் பற்றியது. அங்கே சட்டம் எடுத்தாளும் சொல்லே எஸ்டிமேட்தான், அதற்குப் பல்லும் உண்டு. பொருளை அவர் தன் கையில் எடுத்துக்கொண்டால், அல்லது நீங்கள் முன்கூட்டியே எஸ்டிமேட் கேட்டால், எஸ்டிமேட் கொடுத்து உங்கள் சம்மதம் வாங்காமல் அவர் பணம் கேட்க முடியாது. இதற்கு விலக்கு இரண்டு: எஸ்டிமேட் வேண்டாம் என்று நீங்களே எழுத்தில் சொல்லியிருப்பது, அல்லது இத்தனை ராண்ட் வரை செய்யலாம் என்று உச்சவரம்பு எழுதிக் கொடுத்திருப்பது. கொடுத்த எஸ்டிமேட்டைத் தாண்ட வேண்டுமென்றால் கூடுதல் தொகையை முன்பே தெரிவித்து, தொடரச் சொல்லி உங்கள் ஒப்புதலைப் பெற வேண்டும். வேலை முடிந்தபின் பில்லில் மட்டும் காட்டுவது செல்லாது.

ஆனால் செயலர் ஐயா, இந்தக் கேடயம் உங்கள் கோவிலுக்குக் கிடைக்குமா என்பது வேறு விஷயம். டிரஸ்ட், சங்கம் எல்லாம் இந்தச் சட்டத்தில் சட்டநபர்கள், அதாவது தனிமனிதர் அல்லாத, சட்டம் ஒரு நபராகக் கொள்ளும் அமைப்புகள். சொத்து மதிப்போ ஆண்டு வரவோ 20 லட்சம் ராண்டைத் தொட்டால் அவை நுகர்வோராகக் கருதப்படுவதில்லை. மனையும் மண்டபமும் சேர்ந்தால் பெரும்பாலான கோவில்கள் அதைத் தாண்டிவிடும். போதாததற்கு, சிறு வழக்கு நீதிமன்றத்தில் தனிமனிதர்தான் வழக்குப் போடலாம், அதுவும் 20,000 ராண்ட் வரைதான். சங்கம் வாதியாகப் போக முடியாது. ஆகவே உங்களுக்குத் துணை தாளில் எழுதியிருப்பது மட்டுமே. வீட்டுக்கூரைக்குச் செலவிடும் கவனத்தைவிட இதற்குக் கூடுதலாகச் செலவிடுங்கள்.

பட்டறை_டோங்காட்

வண்டி வேலையில் இந்த 15-ஆம் பிரிவு நேராகப் பொருந்தும், வண்டி எங்கள் கையில் இருப்பதால். இடிபட்ட வண்டிக்கு வெளியே பார்த்து எழுதுவது எஸ்டிமேட்தான்; வேறு மாதிரி நேர்மையாக எழுத முடியாது. பம்பரைக் கழற்றினால்தான் உள்ளே ரேடியேட்டர் தாங்கி வளைந்திருப்பது தெரியும். அதற்குத் துணை எஸ்டிமேட் எழுதி, இன்சூரன்ஸ் கம்பெனி ஒப்புதல் வந்தபின்தான் மேலே தொடர வேண்டும். ஒப்புதலுக்கு முன் பாகத்தை வாங்கிப் பூட்டிவிட்டால் அந்தப் பணம் சிக்கிக்கொள்ளும்.

வண்டி உடையவர்கள் கவனிக்க வேண்டியது கழற்றிப் பார்க்கும் கூலி. எஸ்டிமேட் தயாரிக்கக் கழற்றியதற்கும் திரும்பப் பூட்டியதற்கும் பணம் கேட்கலாம். ஆனால் கழற்றுவதற்கு முன்பே அந்தத் தொகையைச் சொல்லி நீங்கள் ஒப்பியிருக்க வேண்டும். கியர்பாக்ஸ் வேலையில் இந்தக் கூலி சின்னத் தொகை இல்லை. சாவியைக் கொடுக்கும்போதே கேளுங்கள். மாற்றிய பாகத்துக்கும் அதைப் பூட்டிய கூலிக்கும் 57-ஆம் பிரிவில் குறைந்தது மூன்று மாத உத்தரவாதம் உண்டு. தாளின் தலைப்பு எதுவானாலும் அது போகாது.

வரிக்கணக்கர்

இரண்டு தொகையையும் ஒப்பிடுவதற்கு முன் வாட் (மதிப்புக் கூட்டு வரி) உள்ளேயா வெளியேயா என்று பாருங்கள். 260,000 வாட் இல்லாத தொகை என்றால் 15 சதவீதம் சேர்த்து 299,000 ஆகிறது. 305,000 வாட் சேர்ந்தது என்றால் உங்கள் கமிட்டி விவாதிப்பது 6,000 ராண்டைப் பற்றித்தான்.

சட்டப்படி வாட் பதிவு உள்ளவர் சொல்லும் விலை வாட் சேர்ந்ததாக இருக்க வேண்டும். தாளில் வாட் பற்றி ஒன்றுமே இல்லை என்றால் சேர்ந்ததாகத்தான் கொள்ளப்படும். பதிவு இல்லாதவர் வாட் என்று தனியாகப் போடவே கூடாது. பதிவு எண் 10 இலக்கம், 4-இல் தொடங்கும். வரித்துறையான சார்ஸின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம்.

அளவையர்_டர்பன்

வரிக்கணக்கர் சொன்னதுதான் முதலில் பார்க்க வேண்டியது. நான் விட்டுவிட்ட இன்னொன்றையும் சேர்க்கிறேன். கொட்டேஷனுக்குள்ளேயே எஸ்டிமேட் ஒளிந்திருக்கும். இரண்டு பெயரில் வரும்.

ஒன்று பி.சி (பிரைம் காஸ்ட்) தொகை. பொருள் எதுவென்று நீங்கள் இன்னும் தேர்ந்தெடுக்காதபோது ஒரு விலையை வைத்துக் கணக்குப் போட்டிருப்பார். தரை ஓடு சதுர மீட்டருக்கு 200 ராண்ட் என்று பி.சி வைத்து, நீங்கள் கடையில் 280 ராண்ட் ஓட்டைக் காட்டினால், 60 சதுர மீட்டருக்கு 4,800 ராண்ட் கூடும். வெட்டுச் சேதத்துக்கு வாங்கும் ஓட்டுக்கும் அதே வித்தியாசம் உண்டு. இதில் காண்ட்ராக்டர் மேல் தப்பில்லை. தாளில் பி.சி என்று எழுதியதைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான் சச்சரவுக்கு வழி.

மற்றது புரொவிஷனல் தொகை. வேலையின் அளவே தெரியாதபோது வைப்பது. கூரையில் இது கண்டிப்பாக வரும்: பழைய தகட்டை எடுத்தபின்தான் கீழே உள்ள மரச் சட்டம் எத்தனை உளுத்திருக்கிறது என்று தெரியும். முழுத்தொகையில் அடக்கச் சொன்னால் அவர் எல்லாமே உளுத்ததாக வைத்து விலை ஏற்றுவார். அடக்காமல் விட்டால் வேலை நடுவில் கேட்பார், அப்போது கூரை திறந்திருக்கும், மழை வரும், பேரம் பேசும் நிலையில் நீங்கள் இருக்கமாட்டீர்கள். சரியான வழி மீட்டர் விலை. 76 × 50 மி.மீ சட்டம் மாற்ற மீட்டருக்கு இத்தனை ராண்ட், கூலி உட்பட, என்று இன்றே எழுதி வாங்குங்கள். எத்தனை மீட்டர் என்பதைப் பழைய தகடு இறங்கிய அன்று இருவரும் சேர்ந்து அளந்து குறித்துக்கொள்ளலாம். அளவு எஸ்டிமேட், விலை கொட்டேஷன். இரண்டும் ஒரே தாளில் இப்படி உட்காருவதுதான் கட்டட வேலையில் நியாயமான ஏற்பாடு என்பது என் உறுதியான கருத்து.

மெரபாங்க்_வாசி

அளவையர் அண்ணா, வீட்டு மதில் சுவருக்கும் இது பொருந்துமா? 20 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் உயரம், 220 மி.மீ தடிமன். ‘எஸ்டிமேட், அஸ்திவாரம் நீங்கலாக’ என்று எழுதியிருக்கிறார். அதை எப்படிக் கொட்டேஷன் ஆக்கச் சொல்வது?

அளவையர்_டர்பன்

தம்பி, சுவரின் மேற்பகுதியில் எஸ்டிமேட் என்பதற்குக் காரணமே இல்லை, அங்கே எல்லாம் அளக்கக்கூடியது. சாதாரணச் செங்கல் 222 × 106 × 73 மி.மீ. 10 மி.மீ சாந்து சேர்த்தால் ஒற்றைச் சுவரில் சதுர மீட்டருக்கு 52. உங்களுடையது 36 சதுர மீட்டர், இரட்டைச் சுவர்: ஏறத்தாழ 3,740 கல். உடைசலுக்கு 5 சதவீதம் சேர்த்தால் 3,930 சுமார். இதற்கு மாறாத விலை கேளுங்கள், தயங்க வேண்டாம்.

அஸ்திவாரம் வேறு. டர்பன் பெரியா மேட்டுப் பகுதிச் சிவப்பு மணலைப் போன்ற மண் காய்ந்திருக்கும்போது கெட்டியாக நிற்கும், நீர் இறங்கினால் அமுங்கும். தோண்டினால்தான் எவ்வளவு ஆழத்தில் உறுதியான மண் என்று தெரியும். 600 மி.மீ அகலத்தில் 400 மி.மீ கூடுதலாக இறங்க வேண்டியிருந்தால் 4.8 கன மீட்டர் மண் கூடுதலாக வரும். மண்ணுக்கடியில் 8 சதுர மீட்டர் இரட்டைச் சுவர், அதாவது 830 கல்லுக்கு மேல், கூடும். ‘அஸ்திவாரம் நீங்கலாக’ என்று விட்டால் இது முழுக்க அவர் சொல்லும் விலை. ஆகவே 600 மி.மீ ஆழம் வரை மாறாத தொகை, அதற்குக் கீழே ஒவ்வொரு 100 மி.மீக்கும் மீட்டர் நீளத்துக்கு இத்தனை ராண்ட் என்று கேளுங்கள். இன்னும் நல்லது, விலை சொல்வதற்கு முன் இரண்டு இடத்தில் சோதனைக் குழி தோண்டிப் பார்க்கச் சொல்வது. குழியைப் பார்த்தவர் துணிந்து விலை சொல்வார்.

மின்வேலை_அக்கா

பழுது தேடும் வேலைக்குக் கொட்டேஷன் கேட்டு அடம்பிடிக்காதீர்கள். எர்த் லீக்கேஜ் சுவிட்ச் (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்துகொண்டே இருக்கிறது என்றால் காரணம் கீசராகவும் இருக்கலாம், தோட்டத்து விளக்கில் நீர் புகுந்ததாகவும் இருக்கலாம். தேடும் நேரத்துக்கு மாறாத விலை சொல்கிறவர் ஒன்று மிகக் கூட்டிச் சொல்வார், அல்லது பாதியில் விட்டுவிட்டுப் போவார். முதல் மணி நேரத்துக்கு இவ்வளவு, வருகைக் கட்டணம் அதில் அடக்கமா என்று கேட்டு, ‘1,500 ராண்டைத் தொட்டால் நிறுத்திச் சொல்லுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வழக்கறிஞர் சொன்ன உச்சவரம்பு அதுதான். பழுது தெரிந்தபின் சரிசெய்ய மட்டும் கொட்டேஷன் வாங்குங்கள்.

செயலர் ஐயா, மண்டபக் கூரையில் விளக்கு வயர் போகும். தகடு மாற்றும்போது அதைக் கழற்றிப் பூட்டுவது யார், மாற்றிய வயரிங்குக்கு மின் இணக்கச் சான்றிதழ் தருவது யார் என்று இரண்டு தாளிலும் பாருங்கள். சாதாரணமாக எவரும் எழுதமாட்டார்கள்.

தமிழாசிரியர்_டர்பன்

கமிட்டித் தீர்மானத்தைத் தமிழில் எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். இரண்டையுமே ‘மதிப்பீடு’ என்று எழுதிவிடுகிறோம், அங்கேயே குழப்பம் தொடங்குகிறது. எஸ்டிமேட்டுக்கு மதிப்பீடு சரி. கொட்டேஷனுக்கு விலைப்புள்ளி என்ற சொல் தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் நெடுநாளாகப் புழங்குகிறது, அதை எடுத்துக்கொள்ளலாம். ‘மதிப்பீடு ஏற்கப்பட்டது’ என்று தீர்மானம் எழுதினால் என்ன ஏற்கப்பட்டது என்று பின்னால் யாருக்கும் தெரியாது. ‘305,000 ராண்ட் விலைப்புள்ளி, இன்ன தேதியிட்டது, ஏற்கப்பட்டது’ என்று எழுதுங்கள்.

கமிட்டி_செயலர் (சாட்ஸ்வர்த்)

எல்லோருக்கும் நன்றி. தாள்களை மறுபடி பார்த்தேன். 260,000 வாட் இல்லாதது. ஆஸ்பெஸ்டாஸ் பற்றி ‘பழைய தகடு அகற்றல்’ என்று மட்டும் இருக்கிறது, பதிவு எண் இல்லை. 305,000 வாட் சேர்ந்தது, ஆஸ்பெஸ்டாஸ் காண்ட்ராக்டர் பதிவு எண்ணும் கழிவுச் சான்றும் இருக்கின்றன. ஆனால் கூரையின் மரச் சட்டத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. செல்லுபடிக் காலம் 14 நாள், அதில் ஒன்பது நாள் போய்விட்டது. இரண்டு பேருக்கும் ஒரே கடிதம் அனுப்பலாமா?

அனுப்ப நினைப்பது: ‘54 ஐ.பி.ஆர் தகடு, தலா 6.2 மீட்டர், தடிமனும் பூச்சும் குறிப்பிடவும். ஆஸ்பெஸ்டாஸ் அகற்றலும் கழிவுச் சான்றும் உட்பட. வாட் உட்பட. மாறாத தொகை, 30 நாள் செல்ல வேண்டும். உளுத்த சட்டத்துக்கு மீட்டர் விலை தனியாக. விளக்கு வயர் கழற்றிப் பூட்டலும் சான்றிதழும் உட்பட. எழுத்தில் ஒப்புதல் இல்லாமல் கூடுதல் வேலை செய்தால் பணம் தரப்படாது.’

வழக்கறிஞர்_மாரிட்ஸ்பர்க்

வாசகம் நன்றாக இருக்கிறது. இரண்டு திருத்தம். எழுத்தில் ஒப்புதல் கொடுப்பவர் யார் என்று பதவியோடு குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் கூரைக்குக் கீழே நிற்கும் எந்த உறுப்பினர் தலையாட்டினாலும் ‘கமிட்டி ஒப்பியது’ என்று அவர் சொல்லலாம். அடுத்தது, 305,000 தாளுக்கு இது எதிர்முன்மொழிவாகிவிடக் கூடாது. ‘உங்கள் கொட்டேஷனை நாங்கள் நிராகரிக்கவில்லை, அதைப் பற்றிய விளக்கம் மட்டுமே கேட்கிறோம்’ என்று முதல் வரியில் போடுங்கள். மீதமிருக்கும் ஐந்து நாளுக்குள் பதில் வராவிட்டால் காலத்தை நீட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள்.

அளவையர்_டர்பன்

பணம் கொடுக்கும் படியையும் அதே கடிதத்தில் கேளுங்கள் ஐயா. பாதித்தொகை முன்பணம் என்றால் ஒப்பாதீர்கள். தகடு மண்டபத்தில் வந்து இறங்கி, நீங்கள் 54-ஐயும் எண்ணியபின் தகட்டின் விலை. பழைய கூரை இறங்கிக் கழிவுச் சான்று கைக்கு வந்தபின் அந்த வேலையின் தொகை. கூரை மூடியபின் மீதி, அதில் 5 சதவீதத்தை முதல் பெருமழை பெய்து ஒழுகல் இல்லை என்று பார்த்தபின். முகட்டு மூடி எத்தனை மீட்டர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 18 மீட்டர் முகட்டுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறும் மடிப்பு சேர்த்து 19 மீட்டராவது வேண்டும், உங்கள் வாசகத்தில் அது விடுபட்டிருக்கிறது.